தோஹாவிலிருந்து கல்லடிக்குத் திரும்புவதா, துபாய்க்குப் போவதா: பங்கு வியாபாரம் செய்பவர் எங்கே குடியிருப்பது?

கல்லடியான்

அனைவருக்கும் வணக்கம். தோஹாவில் ஒரு நிறுவனத்தின் களஞ்சியப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒப்பந்தம் அடுத்த வருடத் தொடக்கத்தில் முடிகிறது, அதைப் புதுப்பிக்கும் எண்ணம் எனக்கில்லை. பல வருடங்களாக மாலை வேளைகளில் அமெரிக்கப் பங்குகளை வாங்கி விற்று வருகிறேன். நல்ல வருடத்தையும் கெட்ட வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்குச் சராசரியாக 60 இலட்சம் இலங்கை ரூபாய் அளவில் இலாபம் நிற்கிறது. இனி இதையே முழுநேரத் தொழிலாகச் செய்யப் போகிறேன்.

எங்கே இருந்து செய்வது என்பதுதான் கேள்வி. அம்மாவும் மனைவியும் மகளும் மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கிறார்கள். அம்மா நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர். மகள் நான்காம் தரம் படிக்கிறாள், அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. இங்குள்ள நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் துபாய்க்குப் போ என்கிறார்கள், அங்கே வருமான வரி இல்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணம். ஊருக்கு வந்தால் 36 சதவீதம் வரியாகப் போய்விடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். வரி தெரிந்தவர்களும், ஊரில் இருந்து வியாபாரம் செய்பவர்களும், வெளியே இருப்பவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தேரா காத்தான்குடி

தம்பி, நான் காத்தான்குடியைச் சேர்ந்தவன், துபாயில் குடும்பத்தோடு இருக்கிறேன். நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தனிநபருக்கு இங்கே வருமான வரி கிடையாது. 2023 ஜூன் முதல் வந்த 9 சதவீத நிறுவன வரியும், தன் சொந்தப் பணத்தைத் தன் பெயரில் முதலிட்டு ஈட்டும் தனிநபர் வருமானத்தைத் தொடுவதில்லை. சந்தை நேரமும் உங்களுக்கு வசதியானது: கோடையில் மாலை 5.30க்குத் தொடங்கி நள்ளிரவில் முடிந்துவிடும்.

ஆனால் விசா எப்படி எடுப்பீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். வேலை இல்லாமல் வருபவருக்குத் தொலைதூரப் பணி விசா ஒரு வழி, அதற்கு மாதம் 3,500 டொலர் வருமானம் காட்ட வேண்டும், அதுவும் வெளிநாட்டு நிறுவனத்தில் வேலையோ சொந்த நிறுவனமோ இருப்பவருக்கான ஏற்பாடு. பங்கு வியாபார இலாபத்தை அப்படி ஏற்பார்களா என்று விண்ணப்பிக்கும் முன் உறுதிப்படுத்த வேண்டும். நீண்டகால வதிவுக்கான தங்க விசாவுக்குச் சொத்து வழியாகப் போனால் 20 இலட்சம் திர்ஹாம் பெறுமதியான சொத்து வேண்டும். சாதாரண வதிவிட விசா உள்ளவர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ச்சியாக வெளியே நின்றால் விசா செல்லாமல் போகும். அம்மாவுக்கு வருத்தம் கூடி ஊரில் நீண்ட நாள் நிற்க வேண்டி வந்தால் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

எனக்கு ஸகாத் என்னும் மார்க்கக் கொடை எங்கிருந்தாலும் கடமை, ஆகவே வரியில்லை என்பதற்காக மட்டும் நான் இந்த ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2022இல் ஊரில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதையும், 13 மணிநேர மின்வெட்டையும் பார்த்த பிறகு, நாளை என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில் இருக்க விரும்பினேன். அதற்கும் ஒரு விலை கொடுத்துத்தான் இருக்கிறேன்: வாடகையும் மகனின் பள்ளிக் கட்டணமும் மட்டும் மாதம் 5,000 திர்ஹாமைத் தாண்டுகின்றன.

கல்முனைக் கணக்காளர்

கல்லடித் தம்பி, 36 சதவீதம் என்று பயமுறுத்துபவர்கள் உச்ச விகிதத்தை மட்டும் சொல்கிறார்கள், முழுக் கணக்கைச் சொல்வதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாத பகுதி, 18 இலட்சம் ரூபாய். அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்தடுத்த ஐந்து ஐந்து இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 சதவீதம், மீதிக்குத்தான் 36. உங்கள் 60 இலட்சத்தில் நிவாரணம் போக 42 இலட்சம் நிற்கிறது. அதற்கு வரி 10 இலட்சத்து 32 ஆயிரம் ரூபாய். மொத்த வருமானத்தில் 17 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இது மிக மோசமான நிலைமைக்கான கணக்கு. வெளிநாட்டு மூலத்திலிருந்து வெளிநாட்டு நாணயத்தில் ஈட்டி, வங்கி வழியாக நாட்டுக்குள் கொண்டுவரும் வருமானத்துக்கு அதே 2025 ஏப்ரல் முதல் உச்ச விகிதம் 15 சதவீதமாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வகைக்குள் உங்கள் இலாபம் வந்தால் முதல் 10 இலட்சத்துக்கு 60 ஆயிரம், மீதி 32 இலட்சத்துக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம், ஆக மொத்தம் 5 இலட்சத்து 40 ஆயிரம். மாதத்துக்கு 45 ஆயிரம் ரூபாய்.

இந்த இரண்டு தொகைகளில் எது உங்களுடையது என்பதுதான் நீங்கள் பணம் கொடுத்துக் கேட்க வேண்டிய ஆலோசனை. எப்போதாவது வாங்கி விற்பவருடைய ஆதாயம் ஒரு வகை. கல்லடி வீட்டில் மேசை போட்டு இரவுதோறும் வாங்கி விற்பவருடைய இலாபம் வியாபார வருமானம் என்று பார்க்கப்படக்கூடும். அப்படிப் பார்த்தால், சந்தை நியூயோர்க்கில் இருந்தாலும் தொழில் நடக்கும் இடம் கல்லடிதானே, இது எப்படி வெளிநாட்டு மூலம் ஆகும் என்று உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கேட்க இடமிருக்கிறது. வரும் முன்னரே ஒரு வரி ஆலோசகரிடம் எழுத்தில் அபிப்பிராயம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாடுகளை ஒப்பிடும்போது பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். வருமான வரி இலாபம் வந்தால் மட்டும் வருவது. நட்டப்பட்ட வருடத்தில் வரி இல்லை. வியாபார நட்டமாக ஏற்கப்பட்டால் அதை ஆறு வருடங்கள் வரை முன்கொண்டு செல்லவும் முடியும். துபாய் வாடகை அப்படியல்ல, நட்டப்பட்ட வருடத்திலும் அதே தொகை முழுதாகப் போகும். பங்கு வியாபாரத்தில் வருமானம் மேடு பள்ளமாக வருவது இயல்பு. அப்படிப்பட்டவருக்கு, வருமானத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் செலவைவிட, இறங்காத நிலையான செலவுதான் ஆபத்தானது. காத்தான்குடி நண்பர் சொன்ன மாதம் 5,000 திர்ஹாம் என்பது வருடத்துக்கு 60,000 திர்ஹாம், இன்றைய நாணய மாற்றில் ஏறக்குறைய 49 இலட்சம் ரூபாய். பத்து இலட்சம் வரியைத் தவிர்ப்பதற்கு நாற்பத்தொன்பது இலட்சம் செலவு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேரா காத்தான்குடி

கணக்காளர் ஐயா, கணக்கை மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு விடயம் இருக்கிறது. 2020இல் நிவாரணம் 30 இலட்சம், உச்ச விகிதம் 18 சதவீதம். 2023 ஜனவரியில் நிவாரணம் 12 இலட்சம், உச்ச விகிதம் 36. 2025இல் நிவாரணம் 18 இலட்சம்; அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த வெளிநாட்டு வருமானத்துக்கும் வரி வந்தது. ஐந்து வருடத்தில் சட்டம் இத்தனை முறை புரண்டால், இன்றைய 15 சதவீதத்தை நம்பி ஒருவர் தன் வாழ்க்கையை எப்படித் திட்டமிடுவது? தம்பியின் இலாபம் ஒன்றரைக் கோடியாக வளர்ந்தால் உங்கள் கணக்கும் மாறிவிடும் அல்லவா?

கல்முனைக் கணக்காளர்

மாறும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றரைக் கோடி இலாபம் வியாபார வருமானமாகவே பார்க்கப்பட்டால் வரி 42 இலட்சத்து 72 ஆயிரம் ஆகும். அப்போது துபாய்ச் செலவும் இங்குள்ள வரியும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிடுகின்றன. ஆகவே இலாபம் அந்த அளவை எட்டி, இரண்டு மூன்று வருடங்கள் அங்கே நிலைத்து நின்ற பிறகு இந்தக் கேள்வியை மறுபடி கேட்பதுதான் முறை. இப்போதே அந்த வருமானம் வந்துவிட்டது போல வாடகை ஒப்பந்தம் எழுதக் கூடாது.

ஆரையம்பதி வாசகி

தம்பி, நான் வீட்டில் இருந்தபடி கொழும்புப் பங்குச் சந்தையில் வாங்கி விற்பவள். யாரும் அந்த வழியைப் பற்றிச் சொல்லாததால் எழுதுகிறேன்.

இங்கே பட்டியலிடப்பட்ட பங்குகளை விற்று வரும் ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. பங்கிலாபத்தில் 15 சதவீதம் கழித்தே தருகிறார்கள், அத்தோடு அது முடிந்துவிடும். சந்தை காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை. பிள்ளைகள் பாடசாலையால் வரும்போது என் வேலையும் முடிந்திருக்கும். இரவில் வீட்டாரோடு சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரைக்குப் போக முடிகிறது. எனக்கு இது பெரிய விடயம்.

ஆனால் வரி இல்லை என்பதால் செலவு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தரகுக் கூலி, பங்குப் பரிவர்த்தனை வரி 0.30 சதவீதம், மற்றக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 1.12 சதவீதம். வாங்கவும் கொடுக்க வேண்டும், விற்கவும் கொடுக்க வேண்டும், ஆக 2.24. அமெரிக்கப் பங்குகளில் செய்வது போல ஒரே மூலதனத்தை வருடத்தில் 20 தடவை சுழற்றினால், அந்த மூலதனத்தில் ஏறக்குறைய 45 சதவீதம் கட்டணமாகவே போய்விடும். நான் ஒரு பங்கை மாதக்கணக்கில் வைத்திருப்பவள், அதனால் எனக்குக் கட்டுப்படியாகிறது. அடிக்கடி வாங்கி விற்பதுதான் உங்கள் முறை என்றால் கட்டாது. சிறிய கம்பனிகளின் பங்குகளில் விற்க நினைத்த நாளில் வாங்குபவர் இல்லாமல் போவதும் உண்டு. 2022 ஏப்ரல் 18 முதல் ஒரு வாரத்துக்குச் சந்தையையே மூடி வைத்தார்கள். அந்த வாரத்தில் கைக்காசு தேவைப்பட்டவர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது.

கல்லடியில் இருந்து அமெரிக்கச் சந்தையைத்தான் பார்ப்பேன் என்றால் நேரத்தையும் யோசியுங்கள். கோடையில் இரவு 7 மணிக்குத் திறந்து அதிகாலை 1.30க்கு மூடும். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை இரவு 8 மணி முதல் அதிகாலை 2.30 வரை. நமக்கு வடகீழ்ப் பருவமழை கொட்டுகிற காலமும் அதுதான். வாவி நிரம்பி, காற்றடித்து, மின்சாரம் போகும் இரவுகளிலேயே நீங்கள் அதிக நேரம் கண்விழிக்க வேண்டியிருக்கும். விடிந்தால் மகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும், பரீட்சை வருடத்தில் அதற்கு முன் ரியூசனும் இருக்கும். பிள்ளையோடு இருப்பதற்காக ஊருக்கு வந்த தகப்பன், பிள்ளை எழும்பும் நேரத்தில் படுத்துக் கிடந்தால் வந்ததன் பயன் என்ன என்று பிறகு வருந்த நேரிடும்.

ஸ்காபரோ வாசி

எனது பூர்வீகம் களுவாஞ்சிகுடி. நீங்கள் கனடாவைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் யாராவது அந்த யோசனையைச் சொல்வார்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். சந்தை இங்கே காலை 9.30 முதல் மாலை 4 மணி வரை என்பதால் பங்கு வியாபாரிக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் அடிக்கடி வாங்கி விற்பவரின் இலாபத்தை வரித் திணைக்களம் வியாபார வருமானமாகக் கொண்டு முழுவதுக்கும் வரி கேட்கிறது. ஒன்ராறியோவில் உச்ச விகிதம் 53.53 சதவீதம். வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்குள் வைத்து அதையே தொழிலாகச் செய்தாலும் வரி வந்துவிடும். நாட்டை விட்டு வதிவிடத்தை மாற்றிக்கொண்டு போகும்போது, பெரும்பாலான சொத்துகளை அன்றைய விலைக்கு விற்றதாகக் கருதி அதற்கும் வரி போடுவார்கள்.

நான் சொல்ல விரும்புவது வேறு. மகள் நான்காம் தரத்தில் இருக்கிறாள் என்றீர்கள். துபாய்க்குக் கூட்டிப் போனால் தமிழ்மொழி மூலத்தை விட்டு வேறு பாடத்திட்டத்தில் சேர்ப்பீர்கள். வளைகுடா நாட்டு விசா எத்தனை வருடம் நீடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கைந்து வருடத்தில் வியாபாரம் தளர்ந்து ஊருக்குத் திரும்பினால், சாதாரண தரப் பரீட்சைக்கு முன் பிள்ளையை மறுபடி பிடுங்கி நட வேண்டி வரும். எனது நெருங்கிய உறவினர் குடும்பத்தில் இது நடந்தது, அந்தப் பிள்ளை பட்ட சிரமம் பெரிது. வரி எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும்போது இதையும் ஒரு செலவாகப் போடுங்கள்.

கல்லடியான்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். குடும்பத்தைக் கல்லடியிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் துபாயில் ஓர் அறை எடுத்து இருந்தால், செலவும் குறையும், வரியும் இல்லை. வருடத்தில் 183 நாட்களுக்குக் குறைவாக ஊரில் நின்றால் போதும் என்று இங்குள்ள ஒருவர் சொல்கிறார். அது சரியா?

கல்முனைக் கணக்காளர்

பாதி சரி. 183 நாள் என்பது ஒரு சோதனை மட்டுமே. நமது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், இலங்கையில் குடியிருக்கும் ஒருவரையும் வரிக்கான வதிவாளர் என்கிறது. வீடு கல்லடியில், மனைவி பிள்ளை கல்லடியில், விடுமுறை எல்லாம் கல்லடியில் என்றிருக்க, நாட்களை மட்டும் எண்ணி நான் வதிவாளன் அல்ல என்று வாதாடுவது பலமான நிலை அல்ல. நாள் கணக்கிலும் கவனம் வேண்டும். அந்த வரி வருடத்தில் தொடங்கும் அல்லது முடியும் எந்தப் பன்னிரண்டு மாதத்தையும் எடுத்துப் பார்க்கலாம், ஏப்ரல் முதல் மார்ச் வரை மட்டுமல்ல. துபாய்ப் பக்கத்திலும் வரி வதிவுச் சான்றிதழ் கேட்டால் அங்கே நீங்கள் நின்ற நாட்களைக் காட்ட வேண்டும்.

அதைவிட, நீங்கள் தொட்டுப் பார்க்காத இரண்டு விடயங்கள் அமெரிக்கப் பக்கத்தில் இருக்கின்றன. முதலாவது பங்கிலாபம். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை உண்டு. இலங்கை வதிவாளருக்கு அமெரிக்கக் கம்பனிகளின் பங்கிலாபத்தில் 15 சதவீதம் மட்டும் அங்கே கழிக்கப்படும். ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு அப்படி ஓர் உடன்படிக்கை இல்லாததால் அங்குள்ளவருக்கு 30 சதவீதம் கழிக்கப்படும். வரியே இல்லாத ஊரில் இருப்பவர் இந்த இடத்தில் இரட்டிப்பாகக் கட்டுகிறார். இரண்டாவது மரணச் சொத்து வரி. அமெரிக்கர் அல்லாத ஒருவர் 60,000 டொலருக்கு மேல் அமெரிக்கப் பங்குகளை வைத்துக்கொண்டு இறந்தால், மேலதிகத் தொகைக்கு 40 சதவீதம் வரை அமெரிக்க அரசு கேட்கும். நீங்கள் கல்லடியில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் இது ஒன்றுதான். இதைத் தவிர்க்க, நீண்டகாலத்துக்கு வைத்திருக்கும் பகுதியை அயர்லாந்தில் பதிவான நிதியங்களுக்கு மாற்றிக்கொள்வது பலர் செய்யும் ஏற்பாடு. மனைவியும் பிள்ளையும் இருப்பவர் ஊரைத் தெரிவதற்கு முன்னரே இதைச் சரிசெய்ய வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து.

அக்கரைப்பற்று மாணவன்

நானும் ஊரில் இருந்தே தொழில் செய்ய விரும்புகிறேன். பங்குகளுக்குப் பதிலாக வங்கி அட்டை மூலம் நாணய வர்த்தகச் செயலிகளில் பணம் போட்டுச் செய்யலாமா?

கல்முனைக் கணக்காளர்

வேண்டாம் தம்பி. கடனட்டை, பற்று அட்டைகளை அந்நியச் செலாவணி வர்த்தகத்துக்கும் கிரிப்டோவுக்கும் பயன்படுத்த அனுமதி இல்லை என்று மத்திய வங்கி பல தடவை அறிவித்திருக்கிறது. பங்குச் சந்தையைக் கற்க விரும்பினால் ஆரையம்பதிச் சகோதரியிடம் கேளுங்கள், கொழும்புச் சந்தைக்கான கணக்கைத் தொலைபேசிச் செயலி வழியாகவே திறக்கலாம்.

கல்லடியான்

காத்தான்குடி அண்ணனுக்கும், கணக்காளர் ஐயாவுக்கும், அக்காவுக்கும், ஸ்காபரோ அண்ணனுக்கும் நன்றி. மனைவியோடும் நீண்ட நேரம் கதைத்தேன். கல்லடிக்குத் திரும்புவதாக முடிவெடுத்திருக்கிறோம். கொழும்பில் வாடகை கொடுத்து இருப்பதையும் யோசித்தோம். வரி ஒன்றுதான், செலவு மட்டும் கூடும் என்பதால் விட்டுவிட்டோம். அம்மாவின் கிளினிக் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில், மகளின் பாடசாலை நடந்து போகும் தூரத்தில். இந்த இரண்டுக்கும் துபாயில் நான் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று பார்த்தபோது வரியின் பாரம் குறைந்து தெரிந்தது. நாட்டின் ஆஸ்பத்திரியையும் பாடசாலையையும் பாவிக்கிறவன் அதற்கு உரியதைக் கட்டுவதில் எனக்கு மனக்குறை இல்லை.

அக்கா சொன்ன நேரப் பிரச்சினைக்காக என் முறையை மாற்றப் போகிறேன். சந்தை திறந்த பின் முதல் இரண்டு மணிநேரம் மட்டும் பார்த்து, மீதிக்கு நட்டத்தை மட்டுப்படுத்தும் விற்பனைக் கட்டளைகளைத் தரகு நிறுவனத்தின் கணினியிலேயே பதிந்துவிட்டுப் படுத்துவிடலாம். மின்சாரம் போனாலும் அந்தக் கட்டளை நிற்கும். ஃபைபர் இணைப்போடு வேறொரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பும், பற்றரியோடு இன்வேர்ட்டரும் போடுவேன். காத்தான்குடி அண்ணன் எழுப்பிய சட்ட மாற்றப் பயத்துக்கு, இரண்டு வருட வீட்டுச் செலவைத் தனியே வைத்த பிறகுதான் வேலையை விடுவேன். இப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: மூலதனத்தை ஊருக்குக் கொண்டு வரவா, வெளியிலேயே வைக்கவா?

கல்முனைக் கணக்காளர்

அவசரப்பட்டு முழுவதையும் கொண்டு வராதீர்கள். இங்கே வந்த பணத்தை மறுபடி வெளிநாட்டுப் பங்குகளுக்கு அனுப்புவதானால் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வெளிமுக முதலீட்டுக் கணக்கு வழியாக, அந்தந்த நேரத்தில் நடைமுறையில் உள்ள வரையறைக்கு உட்பட்டுத்தான் அனுப்ப முடியும். தோஹாவில் உழைத்து அங்கே சேர்த்த பணம் என்பதற்கான சம்பளச் சீட்டுகள், வங்கிக் கூற்றுகள், தரகு நிறுவனத்தின் வருடாந்த அறிக்கைகள் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வைத்துக்கொண்டு, வெளியில் உள்ள மூலதனத்தை எந்த நிபந்தனையில் வைத்திருக்கலாம் என்பதை உங்கள் வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு அனுப்புங்கள். 15 சதவீத உச்ச விகிதத்தைக் கோருவதற்கும் வங்கி வழியாக வந்ததற்கான அந்தச் சான்று வேண்டும்.

வந்து இறங்கியதும் தரகு நிறுவனத்துக்கு வதிவிட மாற்றத்தை அறிவித்து, பங்கிலாப வரிக்கான அமெரிக்கப் படிவத்தை இலங்கை விலாசத்தோடு புதிதாகக் கொடுங்கள். இலங்கை வதிவாளர்களின் கணக்கை அந்த நிறுவனம் ஏற்கிறதா என்பதைத் தோஹாவை விட்டு வெளிக்கிடும் முன் கேட்டுவிட வேண்டும். டின் எனப்படும் வரி செலுத்துநர் இலக்கம் எடுத்த பின் காலாண்டுத் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று வரும்; வருடாந்த விவரத்திரட்டு நவம்பர் 30க்குள். நீங்கள் மார்ச் 31க்கு முன் வருகிறீர்களா, பின் வருகிறீர்களா என்பதில் ஒரு முழு வரி வருடத்தின் நிலை தங்கியிருக்கலாம், ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன் திகதியை எனக்கு ஒருமுறை எழுதுங்கள்.